தொண்டையில் ஒன்றுமில்லை

கோகிலாவின் வாயைப் பற்றி அந்தத் தோட்டத்தில் யாரும் நல்லதாகச் சொன்னதில்லை. கையைப் பற்றி யாரும் கெட்டதாகச் சொன்னதில்லை. ரம்புக்கனையில் பஸ் ஏறி மலைப்பக்கம் போனால் ரப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு லய வீட்டு வரிசையும், ஒரு மாரியம்மன் கோயிலும், கைக்குட்டை அளவு இடத்தில் ஓர் அந்தோனியார் சிற்றாலயமும் வரும். அங்கே இறங்கி, கை போடுகிற கோகிலா வீடு எது என்று கேட்டால் பச்சைப் பிள்ளைகூட வழி காட்டும்.

அவளுக்கு மாட்டு வைத்தியம் தெரியாது. தெரியும் என்று அவள் சொல்லிக்கொண்டதும் இல்லை. முழங்கை வரைக்கும் ஒல்லியான நீளமான கை, அதுதான் அவளுடைய முதல். கல்யாணமாகி வந்த புதிதில் ரப்பர் ஸ்டோர் காவற்காரர் வீட்டுப் பசு ஒன்று பலாப்பழத்தின் நார்ச் சடையை மெல்லாமல் விழுங்கிவிட்டுக் கண் பிதுங்கி நின்றது. ஆம்பிளைகள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். நாக்கை ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கச் சொன்னாள். கையை விட்டாள், எடுத்தாள். அன்றோடு அது அவள் வேலையாகிப்போனது. கன்று குறுக்கே கிடந்தாலும் கோகிலா, தொண்டையில் ஈரப்பலாக்காய் அடைத்தாலும் கோகிலா. கீழே கிராமத்துச் சிங்கள ஆட்கள்கூட "கோகிலா அக்கே" என்று கூப்பிட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வருவார்கள்.

கணவன் இந்திரகுமாருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் தேருக்கும் வருவான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது வாயெடுத்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் லட்சணத்தை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வாள். காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டு, பிறகு மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கல், அதற்குப் பிறகு யார் வீட்டு மாட்டுக்கு என்ன என்று பார்ப்பது. அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. இருக்காதா பின்னே?

அந்தப் பெருமையோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒருமுறை யாரோ ஒரு புத்திசாலி, அவள் வருவதற்குள் பசுவின் தொண்டையில் கம்பை விட்டுக் குத்திக் கிழித்து வைத்திருந்தான். மாடு அவள் கையிலேயே செத்தது. பழி அவள் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு, தான் வருவதற்கு முன் வேறு யாராவது கை விட்டிருந்தால் அந்த மாட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. மாட்டுப்பட்டி வாசலில் நின்று உரிமைக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவாள். நம் ஆட்கள் என்றால் மாரியம்மன் பேரில், வேதக்காரர் என்றால் அந்தோனியார் பேரில், கிராமத்து ஆட்கள் என்றால் கதிர்காமத் தெய்வத்தின் பேரில். சத்தியம் செய்யத் தயங்கிய ஒருவரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பியும் வந்திருக்கிறாள். அந்த மாடு பிழைக்கவில்லை. அதிலிருந்து அவளுடைய கோபத்துக்கு எல்லோரும் பயந்தார்கள்.

அடுத்த வீட்டு மரியாயியும் பயந்தாள். மரியாயிக்கும் அவள் புருஷன் யோசப்புக்கும் சிவப்பி என்று ஒரு பசு இருந்தது. சினை மாடு, பால் வற்றியிருந்தது. கோகிலாவும் மரியாயியும் அடுத்தடுத்த மரங்களில் பால் வெட்டுகிறவர்கள். ஒருத்தி கொண்டுவந்த ரொட்டியை மற்றவள் தின்பாள். ஒருத்தி ஏசினால் மற்றவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஏசுகிறவள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பலா பழுத்துக் கொட்டுகிற காலம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு நாய் வந்தது. தாடை தொங்க, யாரையும் பார்க்காமல், தண்ணீர் ஓடுகிற கானோரமாகவே நடந்து வந்து யோசப் வீட்டுப் பட்டிக்குள் நுழைந்தது. உள்ளே சிவப்பி கத்தியது. யோசப் கம்பெடுத்து விரட்டினார். நாய் ஓடவில்லை, அதே நடையில் போய்க் காட்டுக்குள் மறைந்தது. சிவப்பியின் மூக்கோரத்தில் ஒரு கீறல். யோசப் மஞ்சள் பூசினார், அது காய்ந்தது. எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறக்காமல் இருந்தது அந்தக் கீறலுக்குள் போன ஒன்றுதான், அதற்கு ஞாபகம் என்று ஒன்று இல்லாவிட்டாலும்.

ஒரு நாள் காலை சிவப்பி தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தியது. குரல் அதனுடைய குரலாக இல்லை, கரகரத்து உடைந்திருந்தது. யோசப் ஸ்டோரில் வேலையிலிருந்தார். மரியாயிக்கு அன்று கைநோவு, பால் வெட்டப் போகவில்லை. பலாத் துண்டு சிக்கிக்கொண்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள், அவளும் நினைத்தாள்.

கோகிலாவுக்கு ஆள் போய் அவள் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் யோசப்பும் வந்துவிட்டார். பட்டி வாசலில் கோகிலா வழக்கம்போல நின்றாள்.

"யாராச்சும் கை விட்டீங்களா?"

"இல்ல புள்ள," என்றாள் மரியாயி. அவள் வலக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"சத்தியம் பண்ணுக்கா."

"அந்தோனியார் சத்தியமா யாரும் தொடல."

யோசப் கயிற்றை இழுத்துப் பிடித்தார். கோகிலா சிவப்பியின் நாக்கை ஒதுக்கி முழங்கை வரை கையை விட்டாள். பல் உரசியது. விரல் நுனியால் ஒவ்வொரு பக்கமாகத் தடவினாள். சதை சூடாக இருந்தது. தொண்டை அவள் கையைப் பிடிக்கவில்லை, தள்ளவும் இல்லை, சும்மா தளர்ந்து கிடந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தொண்டையை அவள் தொட்டதில்லை.

"தொண்டையில ஒன்னுமில்லையே," என்றாள்.

தண்ணீர்ப் பீலிக்குப் போய்ச் சவுக்காரம் தேய்த்துக் கையை வெகுநேரம் கழுவினாள். எப்போதும் செய்வதுதான், அன்று கொஞ்சம் அதிகமாகச் செய்தாள். மரியாயியும் பக்கத்தில் வந்து வாளியில் தண்ணீர் பிடித்தாள். அவள் வலக்கை விரல் முட்டியில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னாக்கா அது?"

"கத்தி பட்டுருச்சு."

பால் வெட்டுகிற கத்தி வலக்கையில் இருக்கும், படுவது இடக்கையில். அதுவும் பெருவிரலில். கோகிலாவின் இடது பெருவிரல் முழுக்க அந்தத் தழும்புதான். வலக்கை முட்டியில் எப்படிப் பட்டது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போதுதான் அந்தோனியார் பேரில் சத்தியம் பண்ணினவளைப் பார்த்து உடனே பொய்க்காரி என்று சொல்ல மனம் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. தன்னைத் தவிர வேறு ஒருத்தி கை விட்டாள் என்பதை நம்ப அவளுக்கு விருப்பமில்லை.

சிவப்பி கால் மடங்கி விழுந்து, வயிற்றில் கன்றோடு செத்துப்போனது. மிருக வைத்தியர் வந்தார். கையுறை போட்டுத் தலையை வெட்டிப் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினார். செத்த மாட்டின் தலைக்கு இவ்வளவு மரியாதையா என்று லயத்தில் சிரித்தார்கள். தகவல் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. சுகாதார அதிகாரி, எல்லோரும் பீ.எச்.ஐ. மாத்தயா என்று கூப்பிடுகிறவர், மோட்டார் சைக்கிளை லயத்து வாசலில் நிறுத்தி "ஜலபீதிகாவ" என்றார். சிங்களம் தெரிந்த எல்லோருக்கும் அது விளங்கியது. விசர்நாய் நோய். அந்த நாயை யோசப் அப்போதுதான் நினைத்துக்கொண்டார்.

மாட்டு வாயில் கை போட்டது யார் என்று அதிகாரி கேட்டபோது லயமே கோகிலாவைக் காட்டியது. வேறு யார் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கோகிலாதான் திறந்தாள்.

"என்னைத் தவிர இங்க யாரும் கை போடமாட்டாங்க மாத்தயா. போட விடவும் மாட்டேன்."

அவள் வாழ்க்கையில் பேசிய எத்தனையோ பேச்சில் இந்த ஒன்றை மட்டும் பேசாமல் இருந்திருக்கலாம். யோசப்பின் கையில் எச்சில் பட்டிருந்ததால் ஊசிக்கு அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். மரியாயி தான் தூரத்தில் வாளியோடு நின்றதாகச் சொன்னாள். அது பொய் இல்லை. கோகிலா வந்த பிறகு அவள் அங்கேதான் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர் மாவனல்லைக்காரர், ஸுமைரா டொக்டர். தமிழில் பேசுகிற டொக்டர் கிடைத்ததும் கோகிலா விடவில்லை. அது என்ன பூச்சி, எப்படி வந்தது, எங்கே இருக்கிறது என்று குடைந்தாள்.

"பூச்சி இல்ல அக்கா, வைரஸ்," என்றார் டொக்டர். "பூச்சி, புழு, மரம், நீங்க, நான், எல்லாம் கலங்களால ஆனது. பக்டீரியாவும் ஒரு கலம்தான், அது தானாத் தின்னும், தானாப் பெருகும். இதுக்குக் கலமே இல்ல. தின்ன வாயில்ல, செமிக்க வயிறில்ல, மூச்சில்ல. தன்னப்போல இன்னொண்ட எப்படிச் செய்யிறது எண்ட குறிப்பு மட்டும் உள்ளுக்கு இரிக்கி. அதுக்கு மேல புரதமும் கொழுப்பும் கலந்த ஒரு சட்ட. அவ்வளவுதான்."

"அப்ப அதுக்கு உசிரு இருக்கா இல்லையா?"

"வெளியில கிடந்தா இல்லாத மாதிரி. வெயில் பட்டா, காஞ்சா, முடிஞ்சிது. சவுக்காரம் பட்டா அந்தக் கொழுப்புச் சட்ட கரஞ்சிரும். நீங்க கழுவினீங்களே, அது பெரிய காரியம். ஆனா ஒங்கட கலம் ஒண்டுக்குள்ள நுழஞ்சிதெண்டா, அந்தக் கலத்த வேலக்காரனாக்கிரும். ஒங்கட சாமான எடுத்து, ஒங்கட வீட்டுக்குள்ளயே இருந்து, தன்னச் செய்ய வைக்கும்."

கொரோனாக் காலத்தில் வைரஸ் என்ற சொல்லை நாமெல்லாம் சோற்றோடு சேர்த்துத் தின்றோம். ஒருவரும் அது என்ன என்று இப்படிக் கேட்கவில்லை. கோகிலா கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. திருடனென்றால் பசிக்குத் திருடுவான், பாம்பென்றால் பயத்தில் கொத்தும். பசியும் பயமும் கோபமும் இல்லாத ஒன்று எதற்காக ஓர் ஆளைக் கொல்ல வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"மத்த வைரஸ் மாதிரி இது ரத்தத்தில போகாது," என்று டொக்டர் தொடர்ந்தார். "காயத்துக்குப் பக்கத்தில நரம்பு இரிக்கே, அதப் பிடிச்சுக் கொஞ்சங் கொஞ்சமா மேல ஏறும். காவல் நிக்கிற ரத்தத்துக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. காயம் ஆறிரும், நீங்க மறந்திருவீங்க. சிலருக்குக் கிழமைக் கணக்கு, சிலருக்கு மாசக் கணக்கு. இந்த ஊசி அதுக்கு முந்திப் போய் வழிய மறிக்கும். மூளைக்குப் போய்ச் சேந்திட்டுதெண்டா எங்களிட்ட மருந்தில்ல அக்கா. ஒலகத்திலயே இல்ல."

"அப்ப சிவப்பி தொண்டையில..."

"ஒண்டும் இரிந்திரிக்காது. விழுங்கிற வேலைய மூளை மறந்திட்டுது. மனுசருக்கெண்டா தண்ணி குடிக்கப் போனா தொண்ட இழுத்துப் பிடிக்கும், காத்துப் பட்டாலும் இழுக்கும். என்னமோ சிக்கியிரிக்கிற மாதிரித்தான் தெரியும். விழுங்க ஏலாட்டி எச்சில் வாயிலயே நிக்கும். அந்த எச்சில்லதான் வைரஸ். அடுத்த ஆளுக்குப் போற வழி அதுதானே."

கோகிலா உட்கார்ந்த இடத்திலேயே தன் கையைப் பார்த்தாள்.

"இதவிடச் சின்னது ஏதாச்சும் இருக்குங்களா?"

"இரிக்கி. குறிப்பும் இல்லாம வெறும் புரதம், தப்பா மடிஞ்ச புரதம், அதுவே தொத்தும். வெளிநாட்டில மாடுகளுக்கு வந்திச்சி. அத விடுங்க," என்றவர், ஊசியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "வேற யாரும் கை வெக்கலதானே?"

மரியாயியின் முட்டி கோகிலாவின் கண்ணில் வந்து நின்றது. "கேட்டுப் பாக்குறேங்க," என்றாள்.

கேட்டாள். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாளே பால் வெட்டும் இடத்தில் மரத்துக்கு மரம் போய்க்கொண்டே, "அக்கா, கை கிய் விட்டிருந்தீன்னா சொல்லிரு, ஊசி போட்டா ஒன்னும் ஆவாது," என்றாள்.

"கடிச்சாத்தானே புள்ள வரும்? நான்தான் சத்தியம் பண்ணினேனே." மரியாயி சிரித்தாள். சிரித்துவிட்டுத் தொப்புளைச் சுற்றிப் போடுவார்களாமே என்று ஊசியைப் பற்றிக் கேட்டாள். அதெல்லாம் அந்தக் காலம், இப்போது கையில்தான் என்று கோகிலா சொன்னாள். மரியாயி பால் கோப்பையை நிமிர்த்திவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

கேட்கவேண்டிய மாதிரிக் கேட்பதென்றால் கோகிலா அவள் கையைப் பிடித்து முட்டியைக் காட்டி, "இது மாட்டுப் பல்லுக்கா, எனக்கா தெரியாது," என்று சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கே கேட்க ஏசுகிற வாய் அன்றைக்கு மட்டும் மரியாதை பார்த்தது. ஏசினால் சத்தியம் பொய்யாகும், சத்தியம் பொய்யானால், அவள் பீ.எச்.ஐ. மாத்தயாவிடம் சொன்னதும் பொய்யாகும். முட்டியில் தோல் மூடி வந்தது. கோகிலா தவணை தவணையாகப் போய் ஊசியைப் போட்டு முடித்தாள். யோசப்பும் முடித்தார். தோட்டம் சிவப்பியை மறந்தது.

அந்தோனியார் சிற்றாலயத்தில் மாதா திருநாளுக்குக் கொடியேற்றிய அன்று, மரியாயி வலக்கையைச் சொறிந்துகொண்டே நின்றாள். ஆறிப்போன காயம் அரிக்கிறது என்றாள். எறும்பு ஊர்வது மாதிரி முட்டியிலிருந்து முழங்கை வரை ஏறுகிறதாம். ரப்பர் பால் பட்டிருக்கும், தேங்காயெண்ணெய் தடவு என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி சொன்னாள். கோகிலாவுக்கு மட்டும் டொக்டர் சொன்னது காதில் கேட்டது. கொஞ்சங் கொஞ்சமா மேல ஏறும்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள். "நான் கூட்டிட்டுப் போறேன்."

"திருநாள் முடியட்டும் புள்ள."

மறுநாள் அடைமழை. மழையில் பால் வெட்ட முடியாது, லயமே வீட்டுக்குள் இருந்தது. போவதற்காகக் கோகிலா சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது யோசப் வாசலில் வந்து நின்றார். தலை நனைந்திருந்தது.

"கொஞ்சம் வந்து பாரு தங்கச்சி. மரியாயிக்குத் தொண்டையில என்னமோ சிக்கிருச்சு. நேத்து சாப்பிட்ட மீன்ல முள்ளு இருந்திருக்கும்போல. தேத்தண்ணி கூட எறங்குதில்ல."

அவரும் பாவம், பசுவுக்கு ஆள் வந்த அதே மாதிரி இப்போது தானே வந்திருந்தார். கோகிலா ஒன்றும் கேட்கவில்லை. "மொதல்ல த்ரீவீல் ஒன்னப் பாத்துட்டு வாங்கண்ணே, ஓடுங்க," என்று அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குள் போனாள்.

மரியாயி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வியர்வை கொட்டியது. துண்டொன்றால் வாயைத் துடைத்தபடியே இருந்தாள். துடைக்கத் துடைக்க வடிந்தது. பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கோப்பைக்கு முதுகு காட்டித் திரும்பியிருந்தாள். கோகிலா திறந்துவிட்ட கதவு வழியே மழைக்காற்று உள்ளே வந்தது. மரியாயியின் கழுத்து நரம்பெல்லாம் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டது. கோகிலா பாய்ந்து கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"கோகிலா," என்றாள் மரியாயி. குரல் கரகரத்து உடைந்திருந்தது. "ஏசாத. அன்னைக்கு நான்தான் மொதல்ல கை விட்டேன். நீ வர்ற வரைக்கும் சிவப்பி துடிக்கிறதப் பாக்க முடியல. சொன்னா நீ திரும்பிப் போயிருவியே. மாடு செத்துரும்னு சத்தியம் பண்ணிட்டேன். அந்தோனியார் பேருல பொய் சொன்னதுக்குத்தான் தொண்டையில வச்சிட்டாரு."

"அவரு வைக்கலக்கா," என்றாள் கோகிலா.

"ஒன் கை ராசியான கை. எத்தனை மாட்டுக்கு எடுத்திருக்க. எனக்கும் விட்டுப் பாரு புள்ள. சின்ன முள்ளுதான்."

கோகிலா கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தளர்ந்த சூடான சதை இன்னும் அவள் விரல் நுனியில் இருந்தது. மரியாயியின் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முட்டியில் தழும்பு வெள்ளையாக, சின்னதாக இருந்தது. வெளியே யோசப் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வாயத் தொறக்கா," என்றாள்.

மரியாயி திறந்தாள். கோகிலா வாய்க்குள் கையை விடவில்லை, குனிந்து பார்த்தாள். பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுது. சின்னத் துண்டுதான். ஆஸ்பத்திரியில எடுத்துருவாங்க."

"சத்தியமா?"

த்ரீவீல் சத்தம் மேட்டில் ஏறி வந்தது. மரியாயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தோனியார் சத்தியமா," என்றாள் கோகிலா.